தொட்டில் குழந்தையிடம் ஆதாரம் கேட்கும் ஆட்சிகள்!

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை என்ன குற்றம் செய்திருக்க முடியும்? எந்த எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டியிருக்க முடியும்? எந்த அதிகாரியிடம் பொய் சொல்லியிருக்க முடியும்? அழுவதைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பச்சைச் சிசுவைப் பார்த்து, "நீ இந்த நாட்டுப் பிள்ளை என்பதற்கு என்ன ஆதாரம்? உன் தகப்பன் யார்? உன் தாய் எந்தக் காகிதத்தோடு இங்கே இருந்தாள்?" என்று ஓர் அரசாங்கம் கேட்டால், அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

அமெரிக்க அதிபர் டிரம்ப் அப்படித்தான் கேட்டார். 2025 ஜனவரி 20 அன்று இரண்டாம் முறையாகப் பதவியேற்ற அதே நாளில், உட்கார்ந்த நாற்காலி சூடேறும் முன்பே, ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாய் உரிய அனுமதி இல்லாமல் அமெரிக்காவில் இருப்பவர், தகப்பன் அந்நாட்டுக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லை என்றால், அங்கே பிறக்கும் குழந்தை குடிமகன் ஆகாது. தாய் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ முறைப்படி இருந்தாலும், தகப்பனுக்கு குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால் அதே கதிதான். முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு இது பொருந்தும் என்றார். ஹெச்1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் குழந்தைகளும் இந்த வலைக்குள்தான் வருகிறார்கள்.

மூன்றே நாளில், ஜனவரி 23 அன்று, சியாட்டில் நகர நீதிபதி ஜான் கோஃப்னூர் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார். இது அரசியல் சாசனத்துக்கு அப்பட்டமாக முரணானது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் ஏதோ எதிர்க்கட்சி ஆள் என்று நினைக்க வேண்டாம். டிரம்பின் அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரீகன் 1981ல் நியமித்த நீதிபதி அவர்.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் சுடுகாடாக்கிய, காஸாவின் குழந்தைகள் மீது விழுந்த குண்டுகளை வாரி வழங்கிய ஒரு நாட்டை நீதியின் இருப்பிடம் என்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? ஆனாலும் அங்கே நடந்த இந்தச் சண்டையை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அடிமையின் பிள்ளைக்காக எழுதப்பட்ட வரி

அமெரிக்காவில் பிறந்தவர்கள் எல்லாம் அமெரிக்கக் குடிமக்கள் என்ற விதி யாரோ தயவு பார்த்துக் கொடுத்ததல்ல. டிரெட் ஸ்காட் என்ற கறுப்பின அடிமை தன் விடுதலைக்காக வழக்குப் போட்டார். 1857ல் அந்நாட்டு உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி டானி என்ன தீர்ப்பு எழுதினார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததியினர், அடிமையாக இருந்தாலும் சரி, விடுதலை பெற்றவராக இருந்தாலும் சரி, அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்று எழுதினார். அந்த மண்ணில் பிறந்து, அந்த மண்ணில் உழைத்து, அந்த மண்ணிலேயே புதைக்கப்படுகிறவனுக்கு அந்த மண் சொந்தமில்லையாம்! கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்ல பிலால் (ரலி) அவர்களை அனுப்பிய மார்க்கத்தில் இருக்கும் நமக்கு இதன் அநியாயம் சட்டென்று புரியும்.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் 1868ல் அவர்களது அரசியல் சாசனத்தில் 14ஆவது திருத்தம் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் எல்லோரும் குடிமக்கள் என்பது அதன் முதல் விதி. தகப்பன் யார், என்ன நிறம், என்ன மதம், எந்தக் காகிதம் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இனி எந்த அதிபரும், எந்த நாடாளுமன்றப் பெரும்பான்மையும் கைவைக்க முடியாத இடத்தில் அதைக் கொண்டு போய் வைத்தார்கள். (அம்மண்ணின் பூர்வகுடிகளான செவ்விந்தியர்களை மட்டும் 1924 வரை வெளியிலேயே நிறுத்தினார்கள் என்பது தனிக் கேவலம்.)

"சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்" என்ற சொற்களைப் பிடித்துக் கொண்டுதான் டிரம்பின் வக்கீல்கள் வாதாடினார்கள். அனுமதியின்றி வந்தவர்கள் அந்த அதிகாரத்துக்கு முழுமையாக உட்பட்டவர்கள் இல்லையாம். அப்படியானால் அவர்களைக் கைது செய்வது எந்த அதிகாரத்தில்? சிறையில் போடுவது எந்த அதிகாரத்தில்? அவர்களிடம் வரி வாங்குவது எந்த அதிகாரத்தில்? தண்டிக்க மட்டும் அதிகாரம் உண்டு, உரிமை தர மட்டும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. வோங் கிம் ஆர்க் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள். அங்கே வியாபாரம் செய்து வந்தவர்கள். சீனர்கள் உள்ளே வரக் கூடாது என்று 1882ல் சட்டம் போட்ட காலம் அது. சீனாவுக்குப் போய்விட்டு 1895ல் திரும்பி வந்த அவரை, "நீ சீனன், உள்ளே விடமாட்டோம்" என்று கப்பலிலேயே மறித்து வைத்தார்கள் துறைமுக அதிகாரிகள். அவர் பிறந்த ஊரே அதுதான்! வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1898ல் ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு நீதிபதிகள் மறுபக்கம். பெற்றோருக்குக் குடிமக்களாகும் தகுதியே கிடையாது என்றாலும் இந்த மண்ணில் பிறந்த மகன் இந்த நாட்டுக் குடிமகனே என்று தீர்ப்பாயிற்று.

வியாபாரிகளே, இந்த விதியின் நிழலில் ஒதுங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலிருந்து பூவேலைத் துணிகளை மூட்டை கட்டிக் கொண்டு, 1880களிலிருந்தே அமெரிக்கக் கடற்கரை நகரங்களில் தெருத் தெருவாக விற்ற முஸ்லிம் வியாபாரிகள் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினப் பெண்களை மணந்து குடும்பமாகத் தங்கியவர்கள் அவர்களில் பலர். இந்தியன் வெள்ளையன் இல்லை, ஆகவே குடிமகன் ஆக முடியாது என்று 1923ல் அதே உச்சநீதிமன்றம் கதவை அடைத்தது. 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. தகப்பன்கள் அந்நியர்களாகவே நின்றார்கள். ஆனால் அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளை எவனும் தொட முடியவில்லை. கலிபோர்னியாவில் நிலம் வாங்கத் தடை விதிக்கப்பட்ட பஞ்சாபி விவசாயிகள், அங்கே பிறந்த தங்கள் பிள்ளைகளின் பெயரில் நிலத்தை எழுதி வைத்துப் பிழைத்தார்கள். பிறப்புரிமை என்பது மேடைப் பேச்சுக்கான சொல் அல்ல. கடைக்கும் நிலத்துக்கும் பத்திரம் அதுதான்.

ஒரு கையெழுத்து போதுமா?

அமெரிக்காவில் சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஐம்பது மாநிலங்களில் 38 மாநிலங்கள் ஒப்புக் கொள்ள வேண்டும். அந்த வழியில் போனால் நடக்காது என்று டிரம்புக்குத் தெரியும். ஆகவேதான் பேனாவை எடுத்தார். சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய நிர்வாகம், சட்டத்துக்குப் புதிய பொருள் எழுத முனைந்தது. இதுதான் இந்தச் சண்டையின் மையம். குடிமகன் யார் என்று நிர்வாகம் தீர்மானிக்கத் தொடங்கினால், நிர்வாகத்தைத் தேர்ந்தெடுப்பது குடிமக்களா, குடிமக்களைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகமா?

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூன் 27ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை விதிக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. டிரம்ப் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் உத்தரவு சரியா தவறா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரே வகுப்பாகச் சேர்த்துப் போட்ட வழக்கில், ஜூலை 10 அன்றே நியூ ஹாம்ப்ஷைர் நீதிபதி ஒருவர் மீண்டும் தடை போட்டார். டிசம்பரில் அடிப்படைக் கேள்வியையே விசாரிக்க உச்சநீதிமன்றம் எடுத்துக் கொண்டது. அந்த ஆண்டு முழுவதும் அந்த உத்தரவால் ஒரே ஒரு குழந்தையின் குடியுரிமையைக்கூடப் பறிக்க முடியவில்லை. ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடிய வக்கீல்களும், மாநில அரசுகளும், தாய்மார்களும் சேர்ந்து செய்த வேலை இது.

டில்லியில் நடந்தது என்ன?

இனி நம் வீட்டுக்கு வருவோம். டிரம்பின் உத்தரவைக் கண்டித்து நம் நாட்டுப் பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. தொலைக்காட்சியில் அறிஞர்கள் கண்ணீர் வடித்தார்கள். நாம் கேட்கிறோம்: டிரம்ப் பேனாவால் செய்ய முயன்றதைவிடக் கடுமையான ஒன்று இந்தியாவில் சட்டமாகவே இருக்கிறதே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு முதலில் எப்படி இருந்தது? 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் மட்டுமே. பிரிவினையின் ரத்த ஆறு ஓடிக் கொண்டிருந்த நேரத்தில் சாசனம் எழுதியவர்கள்கூட பிறந்த மண்ணையே அளவுகோலாக வைத்தார்கள். 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் பஞ்சாப்ராவ் தேஷ்முக் எழுந்து, குடியுரிமையை மிக மலிவாக்கி விட்டீர்கள் என்று குறைப்பட்டார். வேறு நாட்டுக் குடிமகனாக இல்லாத ஒவ்வொரு இந்துவுக்கும் சீக்கியருக்கும் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். சபை அதை ஏற்கவில்லை. அன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கருத்து எழுபது ஆண்டு கழித்துப் பின்வாசல் வழியாக வந்ததை நீங்கள் அறிவீர்கள்.

முதல் வெட்டு 1986ல் விழுந்தது. ராஜீவ் காந்தி ஆட்சி. அஸ்ஸாம் ஒப்பந்தத்துக்கு மறு ஆண்டு. 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வெட்டு வாஜ்பாய் ஆட்சியில், அத்வானி உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2003 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2004 டிசம்பர் 3 முதல் பிறப்பவருக்கு, பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராகவும் இருக்க வேண்டும். தீட்டியவர்கள் பா.ஜ.க.வினர். அதை அமலுக்குக் கொண்டு வந்த தேதியில் டில்லியில் ஆட்சியில் இருந்தது மன்மோகன் சிங் அரசு. மதச்சார்பின்மை பேசும் கட்சிகளின் மேடையில் நீங்கள் அடுத்த முறை உட்காரும்போது இந்தத் தேதியை அவர்களிடம் கேளுங்கள்.

இரண்டையும் தராசில் வையுங்கள். டிரம்பின் உத்தரவில்கூட பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் குழந்தை தப்பித்துவிடும். நம் சட்டத்தில் தாய் அசல் இந்தியப் பெண்ணாக இருந்தாலும், தகப்பன் சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை குத்தப்பட்டால் பிள்ளை அந்நியன்! அமெரிக்காவில் மூன்று நாளில் நீதிமன்றம் தடுத்தது. இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் அமைதியாகப் படுத்திருக்கிறது. நாடாளுமன்றம் போட்ட சட்டம்தானே என்பீர்கள். ஆம், சாசனத்தின் 11ஆவது விதி அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. அடிமையின் பிள்ளைக்காக அமெரிக்கர்கள் சாசனத்துக்குள் வைத்துப் பூட்டியதை, நாம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றக்கூடிய இடத்தில் விட்டுவிட்டோம்.

ஒரு தேதி மனிதனின் தலையெழுத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க அஸ்ஸாம் வரை போக வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அகதிகள் முகாமில் 1986 ஏப்ரலில் ஒரு பெண் பிறந்தார். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். அவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில், அதே கூரையின் கீழ், இரண்டு வருடம் கழித்து அதே போன்ற பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. என்ன வித்தியாசம் இருவருக்கும்? நாள்காட்டியில் ஒரு தாள்!

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். 1948ல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த நம் மக்களையும் அது விடவில்லை. 1982ல் பர்மா போட்ட சட்டம் ரோஹிங்கியா முஸ்லிம்களை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்று உலகமே பார்த்தது.

சுவரும் வாசலும்

2003ல் சுவர் எழுப்பினார்கள். 2019ல் அந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்ஸி, கிறிஸ்தவர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள். முஸ்லிம் மட்டும் வாசலுக்கு வெளியே. இலங்கைத் தமிழனும் வெளியே. நாம் கொதித்தெழுந்தோம். டில்லி ஷாஹீன் பாக்கிலும் சென்னை வண்ணாரப்பேட்டையிலும் நம் தாய்மார்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் சகோதரர்களே, நாம் வாசலில் நின்று சண்டையிட்டோம். சுவரைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினோம்? 3ஆவது பிரிவை 1955ல் இருந்தபடி திரும்பக் கொண்டு வா என்று எத்தனை தீர்மானங்கள் போட்டோம்?

"ஐரோப்பாவில்கூட பிறந்தவனுக்கெல்லாம் குடியுரிமை கிடையாதே" என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். உண்மைதான். பிரிட்டன் 1983லிருந்து தருவதில்லை. ஆனால் அங்கேயே பிறந்து முதல் பத்து வயது வரை அங்கேயே வளர்ந்த பிள்ளை, பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகனாகப் பதிவு செய்து கொள்ள பிரிட்டிஷ் சட்டத்தில் வழி இருக்கிறது. நம் 3ஆவது பிரிவில் அப்படி ஏதாவது இருக்கிறதா? மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பிறந்து, பிறந்த தேதியைப் பள்ளி வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில், பெற்றோர் இருவரின் ஆதாரத்தையும் கேட்பது யாரை வடிகட்ட?

சந்தேகப்படும் அதிகாரம்

இங்கேதான் நிர்வாகத்தின் அதிகாரம் வருகிறது. சட்டவிரோதக் குடியேறி யார் என்று முதலில் விரல் நீட்டுவது நீதிபதி அல்ல, அதிகாரி. 2003 டிசம்பரில் போட்ட குடிமக்கள் பதிவேட்டு விதிகளில் 4ஆவது விதியைப் படியுங்கள். சரிபார்க்கும்போது யாருடைய குடியுரிமை சந்தேகத்துக்குரியதோ அவர் பெயருக்கு எதிரே உள்ளூர்ப் பதிவாளர் குறிப்பு எழுதலாம். எதன் அடிப்படையில் சந்தேகம்? விதியில் ஒரு சொல் இல்லை. தாடியா? தொப்பியா? பெயரா? அந்த அதிகாரியின் மனசாட்சியைப் பொறுத்தது உங்கள் பேரனின் நாடு!

குறிப்பு எழுதப்பட்ட பிறகு நிரூபிக்கும் சுமை யார் தலையில்? உங்கள் தலையில். கொலை வழக்கில்கூட குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். 1946ல் வெள்ளைக்காரன் போட்ட அந்நியர் சட்டத்திலோ, நான் அந்நியன் இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2025ல் அந்தப் பழைய சட்டத்தைக் கழித்துக் கட்டிப் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 1 முதல் அமல். பெயர் மாறியது, சுமை மாறவில்லை.

அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31ல் வெளியான பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். பிள்ளை பட்டியலில் உண்டு, தாய் இல்லை. அண்ணன் உண்டு, தம்பி இல்லை என்று குடும்பங்கள் கிழிந்தன. அதே அஸ்ஸாமில் ஒரு முஸ்லிமை, 2012ல் அவர் இல்லாமலேயே விசாரித்து, அந்நியர் என்று தீர்ப்பாயம் அறிவித்தது. 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவரை இந்தியர் என்று அறிவித்தது. கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரைப் பிடித்து வந்து, "நிரூபி" என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பெயரின் எழுத்துகளில் சிறு மாறுபாடு இருப்பதை வைத்து ஒருவரை அந்நியராக்க முடியாது என்றது. பொன்னான தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த மனிதர் இறந்து போயிருந்தார்.

இன்னொன்று. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை 2025 ஜூனில் டில்லியில் பிடித்து, வங்கதேசி என்று சொல்லி எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அங்கே அவர் சிறையில் கிடந்தார். செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த நாடு கடத்தலை ரத்து செய்தது. டிசம்பரில்தான் அவர் ஊர் திரும்ப முடிந்தது. இரண்டு மாதம் தாமதமாகியிருந்தால் அந்தக் குழந்தை எங்கே பிறந்திருக்கும்? பிறந்த இடம் என்று சான்றிதழில் எந்த நாட்டின் பெயரை எழுதியிருப்பார்கள்? பிறகு அந்தச் சான்றிதழையே காட்டி, "பார், வங்கதேசத்தில் பிறந்தவன்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

இதெல்லாம் வடக்கே நடப்பது, நமக்கென்ன என்று கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூன் 24ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று தேர்தல் கமிஷன் அறிவித்ததே, அதில் கேட்ட ஆதாரங்களைப் பார்த்தீர்களா? 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் தன் ஆதாரம் தந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவர் பெற்றோரில் ஒருவருடையதும் தர வேண்டும். 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்தவர் இருவருடையதும் தர வேண்டும். அதே தேதிகள்! 3ஆவது பிரிவு ஓட்டுச்சாவடிக்கு நடந்து வந்துவிட்டது. ஆதாரையும் ஏற்றுக் கொள் என்று உச்சநீதிமன்றம் செப்டம்பர் 8ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. நவம்பரில் இந்தத் திருத்தம் தமிழகத்துக்கும் வந்தது. பழைய பட்டியலில் வாப்பாவின் பெயரைத் தேடி எத்தனை வீடுகளில் அலைந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பட்டியலில் ஏற்கெனவே இருப்பவரை எடுத்த எடுப்பில் அந்நியராகக் கருத முடியாது, போலீஸ் அறிக்கையை மட்டும் நம்பி நீக்க முடியாது என்று, மும்பை, டில்லி வாக்காளர்கள் வழக்கில் 1995லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு நம் வக்கீல்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் வீட்டு அலமாரி

அரசைத் திட்டியாயிற்று. இனி உங்களைக் கொஞ்சம் கேட்போம். பள்ளிச் சான்றிதழில் முஹம்மது இஸ்மாயில். பாஸ்போர்ட்டில் முகமது இஸ்மாயில். ரேஷன் கார்டில் எம். இஸ்மாயில். வாக்காளர் பட்டியலில் வெறும் இஸ்மாயில். நான்கும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும். சந்தேகப்பட உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியுமா? பெண்களின் நிலை இன்னும் மோசம். பிறந்தபோது ஜைத்தூன் பீவி, நிக்காஹ் தப்தரில் ஜைத்தூன் பேகம், ஆதாரில் ஜைத்தூன் அம்மாள். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இந்தத் தாயின் காகிதமும் வேண்டுமே! கடையின் ஜி.எஸ்.டி. கணக்கை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வைத்திருக்கும் நீங்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏற்றாமல் விட்டு வைத்திருக்கிறீர்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளியில் சேர்க்க, வாக்காளர் பட்டியலில் சேர, பாஸ்போர்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் வந்துவிட்டது. 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். அகீகாவுக்கு இரண்டு ஆடு வாங்க நேரம் இருக்கிறது. அதே வாரத்தில் நகராட்சி அலுவலகத்துக்குப் போக நேரம் இல்லையா?

இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலின் ஓர் அறையை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வாரம் ஒரு நாள் வந்து உட்கார ஒரு வக்கீல். பழைய நிக்காஹ் தப்தர்களையும் மையவாடிப் பதிவேடுகளையும் கரையானுக்குக் கொடுக்காமல் நகல் எடுத்து வையுங்கள். தாத்தா இந்த ஊரில்தான் அடக்கமானார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? இந்துவோ கிறிஸ்தவரோ, தெருவில் காகிதம் இல்லாத ஏழை யார் வந்தாலும் அவருக்கும் அதே மேஜையில் எழுதிக் கொடுங்கள். சந்தேக விதி முதலில் நம்மைக் கடிக்கும். பிறகு காகிதமில்லாத எல்லோரையும் கடிக்கும்.

காகிதம் சேர்ப்பது தற்காப்பு மட்டுமே. 2003 விதிகளிலிருந்து 4ஆவது விதியை நீக்கு, சுமையை அரசின் தலையில் வை, 3ஆவது பிரிவை 1955ல் இருந்தபடி மீட்டுக் கொடு என்று கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தலைவர்களோடு போட்டோ எடுத்துக் கொள்வது அப்புறம் இருக்கட்டும்.

வியாபாரிகளுக்குக் கடைசியாக ஒன்று. வோங் கிம் ஆர்க் ஒரு சமையல்காரர். உச்சநீதிமன்றம் வரை வழக்கு நடத்த அவரிடம் ஏது காசு? சான்பிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்களின் கூட்டமைப்பு அவர் பின்னால் நின்றது. அதை நடத்தியவர்கள் சீன வியாபாரிகள். வக்கீல்களை அமர்த்தியது அவர்கள்தான். ஒரு சமையல்காரருக்காக அன்று அவர்கள் கல்லாவைத் திறந்ததால்தான், 127 ஆண்டு கழித்து சியாட்டில் நீதிபதி எடுத்துக் காட்ட ஒரு தீர்ப்பு இருந்தது. உங்கள் வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், இஃப்தார் செலவுக்கு அடுத்த வரியில், வழக்கு நிதி என்று ஒரு தலைப்பு எழுதுங்கள்.